நாய்க்குட்டிக்குத் தினமும் பத்து நிமிடம்

வணக்கம் நேயர்களே. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வடக்கே தேவிபட்டினம், தொண்டி, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று கரையோரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் வணக்கம்.

நாய்க்குட்டியைச் சுத்தமாக வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர். மாட்டாஸ்பத்திரி என்று நீங்கள் சொல்லும் இடத்துக்கு ஆடும் மாடும் வருவது வழக்கம். இப்போது குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் நிறைய ஆகிவிட்டார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் தூக்கி வருவார்கள். பின்னாலேயே அம்மாவோ பாட்டியோ வருவார்கள். முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “டாக்டர், இதை எப்பக் குளிப்பாட்டலாம்? என்ன சோப்பு போடணும்?”

பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். குட்டியின் சுத்தத்தில் குளியலுக்கு உள்ள பங்கு கொஞ்சம்தான். பெரிய பங்கு உங்கள் கைக்கு. தினமும் பத்து நிமிடம் அதன் உடம்பு முழுக்க உங்கள் கை பட்டால் போதும், வருகிற தொல்லை எதுவானாலும் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டுவிடும். வாரம் தவறாமல் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவார்கள், ஒரு நாள்கூடக் காதுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக் குட்டிகள் காய்ச்சலோடு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் திண்ணையிலோ வாசலிலோ உட்காருங்கள். குட்டியை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தலை, அப்புறம் காது மடலைத் திருப்பி உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு, வாலுக்கு அடியில், கடைசியாக நான்கு பாதங்களின் விரல் இடுக்கு. விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். மேடாக ஏதாவது தட்டுகிறதா, எங்காவது முடி கொட்டியிருக்கிறதா, தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறதா, வாடை அடிக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. முடியும்போது உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் உடம்பில் ரத்தம் குறைகிறது என்று அர்த்தம். அதற்குக் காரணம் உண்ணியாக இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம். இரண்டையும் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் சில நாள் குட்டி நெளியும், கையைக் கடிக்கும். அதட்டவே கூடாது. பாதத்தைத் தொடும்போது ஒரு துளி சோறோ, முள் எடுத்த மீன் துணுக்கோ கொடுங்கள். அது சலித்துப்போவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். நாளை இன்னும் கொஞ்ச நேரம். மூன்று வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரையிலான வயதில் குட்டி எதற்குப் பழகுகிறதோ அது கடைசிவரை கூட வரும். அந்த வயதில் காது, பாதம், வாய் இவற்றைத் தொட விட்டுப் பழகிய நாய், வளர்ந்தபிறகு ஊசிக்கும் நகம் வெட்டவும் நின்று கொடுக்கும். பழகாத நாயை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதில் நாய்க்கும் வேதனை, பிடிக்கிறவர்களுக்கும் கடி.

சரி, குளியலுக்கு வருவோம்.

இரண்டு மாதம் ஆகாத குட்டியைக் குளிப்பாட்ட வேண்டாம். பிறந்த முதல் சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் ஒட்டிக் கிடப்பதே அதற்காகத்தான். நனைத்தால் நடுங்கும், சூடு இறங்கிவிட்டால் பால் குடிக்கவும் தெம்பு இருக்காது. அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அது போதும்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆன, நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடும் குட்டிக்கு மாதம் ஒரு குளியல் தாராளம். நம் பக்கத்தில் தண்ணியின் அருமை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரித் தண்ணி வராத நாளில் குடம் விலைக்கு வாங்கியும், மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டும் குடும்பம் நடத்துகிற ஊர்கள் இருக்கின்றன. “நாயைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி இல்லையே” என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை போய்விடும். அந்தப் பசைதான் உப்புக்காற்றிலிருந்தும் கிருமியிலிருந்தும் தோலைக் காக்கிறது. அது போனால் தோல் வறண்டு, அரித்து, சொறிந்து புண்ணாகும். ஆகவே தண்ணியை மிச்சப்படுத்துங்கள். அதற்குப் பதிலாக இரண்டு நாளுக்கு ஒரு தடவை சீப்பால் சீவிவிடுங்கள். குட்டை முடி உள்ள நாட்டு நாய்க்கும், கன்னி, சிப்பிப்பாறை இன நாய்களுக்கும் கரடுமுரடான துண்டால் முடி போகும் பக்கமாகவே தேய்த்தால்கூடப் போதும், உதிர்ந்த முடியும் மணலும் வந்துவிடும்.

சோப்பு விஷயம். நாம் போடுவது, துணிக்குப் போடுவது, பாத்திரம் விளக்குவது, இது மூன்றும் வேண்டாம். மனிதத் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலைக்கு அருகில் இருப்பது. நமக்குச் செய்த சோப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. நாய்க்கென்று விற்கும் ஷாம்பு சின்னப் பாட்டில் ஒன்று வாங்கினால், மாதம் ஒரு குளியல் கணக்குக்குப் பல மாதம் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி ஒரு டம்ளர் தண்ணியில் கலக்கிப் போடுங்கள், சீக்கிரம் அலசிவிடலாம். குளிக்கிற தண்ணியில் ஒரு மூடி டெட்டால் ஊற்றுவது நிறைய வீட்டில் உண்டு. அதையும் நிறுத்திவிடுங்கள். குட்டி தன் உடம்பைத் தானே நக்கும், தோலில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் போகும். தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே, குட்டி படுக்கும் இடத்தில் அது வேண்டாம்.

குளிப்பாட்டும் நேரம் காலை பத்து, பதினொன்று. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் காற்று வராத பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தெள்ளுப்பூச்சி இருக்கிற குட்டி என்றால் முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போடுங்கள். உடம்பில் தண்ணி பட்டதும் தெள்ளு தலைப்பக்கம் ஓடி, கண்ணோரத்திலும் காதிலும் போய் ஒளியும். கழுத்தில் நுரை இருந்தால் தாண்ட முடியாது. தலையில் தண்ணி ஊற்ற வேண்டாம், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். போர் தண்ணி உவர்ப்பாக இருந்தால் நுரையே வராது, அலசினாலும் பிசுபிசுப்பு போகாது. முதல் அலசலுக்கு அந்தத் தண்ணி, கடைசி ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கை வழுக்காமல் ஆகும்வரை அலசிவிட்டு, பழைய வேட்டியால் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்கும் அக்குளும் காயாமல் விட்டால் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகையில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

நம் குட்டிகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கரையில் அழுகின மீனைப் பார்த்தால் அதன்மேல் முதுகைப் போட்டுப் புரளும். நாய் இனத்தின் இயல்பு அது, அடித்துத் திருத்த முடியாது. அன்றைக்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் குளிப்பாட்டிவிடுங்கள். கடலில் இறங்கி விளையாடிவிட்டு வந்தால் சோப்பு வேண்டாம், நல்ல தண்ணி மட்டும் ஊற்றி உப்பைக் கழுவினால் போதும். உப்பு காய்ந்தால் தோல் அரிக்கும். கடல்தண்ணியைக் குடிக்க மட்டும் விடாதீர்கள். வாந்தியும் பேதியும் வரும், அதிகம் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கரைக்குப் போகும்போது ஒரு பாட்டிலில் நல்ல தண்ணி கொண்டுபோங்கள்.

தடுப்பூசி முடியாத குட்டியைக் கரைக்கே கூட்டிப்போக வேண்டாம் என்பது என் கருத்து. பார்வோ என்ற ரத்தப்பேதி நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெரு நாய்கள் சுற்றும் மணலில் ஒரு தடவை நடந்து, காலை நக்கினாலே போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தவை. மருத்துவர் சொல்லும் வரிசை முடியட்டும்.

கரையிலிருந்து வந்ததும் பாதத்தைப் பாருங்கள். நம் மணலில் என்னென்ன கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ராவணன் மீசைப் புல்லின் கூர் நுனி, சீமைக் கருவேல முள், உடைமர முள், சிப்பி ஓடு, அறுந்த தூண்டில் முள், நைலான் வலைத் துண்டு. வலை நரம்பு குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது, முடிக்குள் புதைந்துவிடும். குட்டி வளர வளர அது சதையை அறுக்கும். கால் வீங்கின குட்டி வந்தால் முதலில் நான் தேடுவதே அந்த நரம்பைத்தான். தினமும் விரலால் தடவுகிற வீட்டில் அது முதல் நாளே அகப்பட்டுவிடும். பேத்தை மீனைக் கரையில் வீசிவிட்டுப் போகும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அதன் விஷம் நாயைக் கொன்றுவிடும். குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போங்கள்.

இனி உண்ணி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நாயில் ஏறுவது பெரும்பாலும் பழுப்பு நிற உண்ணி. பெண் உண்ணி ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பியதும் தானாகக் கழன்று விழும். விழுந்த இடத்தில் கிடக்காது. சுவரில் ஊர்ந்து ஏறி, பூச்சு வெடித்த இடத்திலோ, கீற்று இடுக்கிலோ, கதவு நிலைச் சந்திலோ ஒளிந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு கடுகைவிடச் சின்னது, அதற்கு ஆறு கால்தான். அது நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து இறங்கும். சுவரில் தோலுரித்து எட்டுக் காலோடு திரும்ப ஏறும். மறுபடி இறங்கித் தோலுரித்து, பெரிய உண்ணியாக மூன்றாவது முறை ஏறும். இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நாய்க்கு மட்டும் மருந்து அடித்துவிட்டு “போகவே மாட்டேங்குது டாக்டர்” என்கிறார்கள். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

எடுப்பது எப்படி? முள்வாங்கி எல்லார் வீட்டிலும் இருக்கும். குட்டியை வெளிச்சமான இடத்தில் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். முடியை விலக்குங்கள். உண்ணியின் உப்பின வயிற்றைப் பிடிக்காதீர்கள். அதன் வாய் தோலுக்குள் இறங்கியிருக்கும் இடத்தை ஒட்டி முள்வாங்கி நுனியை வைத்து, நேர் மேலே, நிதானமாக இழுங்கள். கொஞ்ச நேரம் பிடிகொடுக்காது. தோல் கூடாரமாக எழும்பும். அவசரப்படாமல் அப்படியே இழுத்துப் பிடித்தால் ‘டக்’கென்று விட்டுவிடும். சோப்புத் தண்ணி உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். கடித்த இடத்தைத் துடைத்துவிட்டு, உங்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நகத்தில் வைத்து நசுக்குவதும், கல்லில் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம், அந்த ரத்தத்தில் கிருமி இருக்கலாம். தீக்குச்சியால் சுடுவது, சீமெண்ணெய் ஊற்றுவது இதெல்லாம் குட்டியின் தோலைப் பொசுக்குமே தவிர உண்ணியை ஒழிக்காது.

உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் ஏறும் ஆபத்து கூடும். தினமும் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். உண்ணிக் காய்ச்சல் வந்த குட்டி சோறு தின்னாது, சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும். சிலதுக்கு அடிவயிற்றில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம். ஒன்றிரண்டுக்கு மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். நேரத்தோடு வந்தால் மாத்திரை, ஊசியில் தேறிவிடும்.

மருந்து என்று வரும்போது தயவுசெய்து கடையில் கேட்டு நீங்களாக அடிக்காதீர்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலக்கிக் குட்டியை முக்கி எடுப்பது, மிளகாய்ச் செடிக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தைத் தெளிப்பது, இரண்டிலும் குட்டி வாயில் நுரை தள்ளி, கை கால் இழுத்து வருவதைப் பார்த்திருக்கிறேன். குட்டிக்கான மருந்து அதன் எடைக்கும் வயதுக்கும் தகுந்தது. வீட்டில் பூனையும் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். பெர்மெத்ரின் போன்ற, நாய்க்குப் போடும் சில மருந்துகள் பூனைக்கு விஷம். வேப்பிலை வேகவைத்த தண்ணியால் அலசுவது கெடுதல் இல்லை, ஆனால் ஏறின உண்ணி அதற்கு இறங்காது.

வீட்டுக்கு என்ன செய்ய? குட்டி படுக்கும் சாக்கை வாரம் ஒரு தடவை கொதிக்கும் தண்ணியில் போட்டு, நல்ல வெயிலில் காய வையுங்கள். நம்மிடம் குறையில்லாமல் இருப்பது வெயில்தானே. வலைக்குவியலின் மேல் குட்டியைப் படுக்க விடாதீர்கள். சுவர் வெடிப்பைப் பூசிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் பெயின்ட் அடிக்கும், வலை பொத்தும் வேலையெல்லாம் நடக்கிறது. அப்போதே ஒரு சட்டி சிமென்ட் குழைத்து, திண்ணையோரமும் நாய் படுக்கும் மூலையும் பூசிவிட்டால் உண்ணிக்கு ஒளிய இடம் குறையும்.

சொறி பற்றியும் சொல்லிவிடுகிறேன். படகு உள்ள ஊரில் எஞ்சினிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலுக்குப் பஞ்சமில்லை. சொறி பிடித்த நாய்க்கு அதைப் பூசினால் ஆறிவிடும் என்று கரையில் நிறைய பேர் நம்புகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் பூசுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் நஞ்சும் இருக்கிறது. புண்ணான தோல் வழியாக அது உள்ளே இறங்கும். மிச்சத்தைக் குட்டி நக்கித் தின்னும். வெயிலில் தோல் வெந்துபோகும். சொறி தந்த பூச்சியைவிட ஆயில் தந்த கெடுதலுக்குத்தான் நான் பல நேரம் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. சொறியில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஓயாமல் அரிக்கும், காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்கும், மற்ற நாய்க்கும் தொற்றும், குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளைகளின் கையிலும் வயிற்றிலும் சிவந்த பொரி கிளப்பும். இன்னொன்று தாயிடமிருந்து வருவது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி வட்டமாகக் கொட்டும், அரிப்பு அதிகம் இருக்காது, மற்றவருக்குத் தொற்றாது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டுக்குமே நல்ல மருந்து இருக்கிறது.

கண், காது, நகம், பல் இந்த நாலையும் வேகமாகப் பார்த்துவிடுவோம். கண்ணில் பீளை இருந்தால் கொதித்து ஆறிய தண்ணியில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மஞ்சளாகவோ பச்சையாகவோ வடிந்து, கூடவே இருமலும் காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். நாயின் காதுக்குழாய் உள்ளே போய்த் திரும்பும். பஞ்சுக் குச்சியை விட்டால் அழுக்கு அந்த வளைவுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். விரலில் துணியைச் சுற்றி, விரல் போகும் மட்டும் துடையுங்கள், காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ, காது நாறினாலோ மருந்து தேவை. நகத்தில் நுனியை மட்டும் வெட்டுங்கள். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாத ஒரு நகம் இருக்கும், அது தேயாமல் சுருண்டு சதையில் குத்தும், அதை விட்டுவிடாதீர்கள். பல் விஷயத்தில் ஒன்று மட்டும்: நம்முடைய பற்பசை கூடவே கூடாது. அதில் உள்ள ஃப்ளூரைடும், சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பும் நாய்க்கு ஆகாது. ஈரத்துணியை விரலில் சுற்றித் தேய்த்தால் போதும். மூன்று, நான்கு மாதத்தில் 28 பால்பற்களும் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வந்துவிடும். அந்த நேரம் கண்டதையும் கடிக்கும். கருவாட்டைக் கொடுத்துச் சமாதானம் பண்ணாதீர்கள், அதில் உப்பு அதிகம்.

இப்போது சொல்லப் போவது குட்டியைவிடப் பிள்ளைகளுக்காக. குட்டி எங்கே வெளிக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நிழலான, ஈரமான மணலைத் தேடிப் போகும். தென்னை மரத்தடி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடி, வலை பொத்தும் கொட்டகை. நம் ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வதும், பிள்ளைகள் வெறுங்காலோடு வீடு கட்டி விளையாடுவதும் அதே இடங்களில்தான்.

குட்டியின் வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அதன் முட்டை மலத்தோடு மணலில் விழும். சூடும் ஈரமும் நிழலும் சேர்ந்தால் ஒரு வாரம், பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாகி, தோல் படக் காத்திருக்கும். வெறும் பாதம் பட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆனால் மனித உடம்பில் அதற்கு வழி தெரியாது. தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து திரியும். பாதத்திலோ தொடையிலோ நூல் கனத்தில் சிவந்த கோடு ஒன்று, வளைந்து வளைந்து, நேற்று இருந்ததைவிட இன்று கொஞ்சம் நீண்டு தெரியும். ராத்திரியில் அரிப்பு தாங்காது. ஏதோ பூச்சி கடி என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருப்பார்கள். டாக்டரிடம் காட்டினால் மாத்திரையில் போய்விடும். இன்னொரு புழு, உருண்டைப்புழு. அதன் முட்டை மணலில் விளையாடிய கையோடு வாய்க்குள் போனால், குஞ்சு ஈரலுக்கும், சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்கும் போய்விடும். பார்வையே கெடலாம்.

இதைக் கேட்டு நாயே வேண்டாம் என்று விரட்டிவிடாதீர்கள். தடுப்பது சுலபம். குட்டி வெளிக்கு இருந்ததும் உடனே ஒரு கொட்டாங்கச்சியாலோ பிளாஸ்டிக் பையாலோ எடுத்து, பிள்ளைகள் புழங்காத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். அன்றன்றே எடுத்துவிட்டால் முட்டை பொரிக்கவே நேரமில்லை. குட்டிக்கு ஒரே இடத்தைப் பழக்குங்கள், நல்ல வெயில் படும் காய்ந்த இடமாக இருந்தால் புழு பிழைக்காது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் அங்கே கூட்டிப்போனால் கொஞ்ச நாளில் தானாகப் போகும். அப்புறம் குடற்புழு மருந்து. இது தாய் வயிற்றிலிருந்தும் தாய்ப்பாலிலிருந்துமே வந்துவிடுகிற புழு, ஆகவே “என் குட்டி வெளியே போகவே இல்லையே” என்று சொல்ல முடியாது. இரண்டு வார வயதிலேயே முதல் வேளை, அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூன்று மாதம் வரை, அப்புறம் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. தாய் நாய்க்கும் கூடவே கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுக்காதீர்கள், குட்டியை எடை போட்டு அளவு கேட்டுக் கொடுங்கள்.

தாயில்லாக் குட்டிகளைச் சந்தையோரத்திலும் கரையிலும் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அதைத் தூக்கி வரும் பிள்ளைகளின் மனதை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண் திறக்காத குட்டிக்குத் தானாக மூத்திரமும் மலமும் போகத் தெரியாது. தாய் நக்கி நக்கித்தான் அதைப் போக வைக்கும். நீங்கள் எவ்வளவு பால் கொடுத்தாலும், இதைச் செய்யாவிட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்தபிறகும் வெதுவெதுப்பான தண்ணியில் நனைத்த பஞ்சால் வாலுக்கு அடியிலும், மூத்திரம் போகும் இடத்திலும் மெதுவாகத் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் போகும். துடைத்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று வாரம் வரை இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாகக் கடி. விளையாட்டில் குட்டியின் பல்லும் நகமும் படத்தான் செய்யும். “குட்டிதானே, பால்பல்தானே” என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் என்ற வெறிநோயின் கிருமி குட்டியிடமும் இருக்கலாம், நோய் வெளியே தெரிந்தபிறகு மனிதரைக் காப்பாற்ற மருந்து கிடையாது. மூன்று மாதத்தில் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு வருடா வருடமும் போடுங்கள். பிள்ளையின் தோலில் கீறல் விழுந்தால், ரத்தம் வராவிட்டாலும், குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணியில் சோப்பு போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாத வீட்டில் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் தண்ணியை மிச்சப்படுத்த வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி அங்கே இலவசம். முதல் ஊசி போட்டதும் அடுத்தது என்றைக்கு என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், அந்தத் தேதிகளில் ஒன்றைக்கூட விடாமல் போட்டு முடியுங்கள்.

நன்றி நேயர்களே, வணக்கம்.